காசு கொடுத்து வாங்கிய வட்டும் மின்னூலும்: சொந்தப் பயனுக்கு நகலெடுத்த அனுபவம்

வீட்டில் சேர்ந்திருந்த இசை சிடிகள், திரைப்பட டிவிடிகள், இணையத்தில் விலை கொடுத்து வாங்கிய பாடல்கள், மின்னூல்கள் ஆகிய அனைத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பயன்படுத்தும்படி ஒழுங்குபடுத்தும் வேலையைக் கடந்த ஆண்டு எடுத்துக்கொண்டேன். இப்போது வரும் மடிக்கணினிகளில் சிடி போடும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. அப்பாவின் பழைய சிடி பிளேயருக்கு லென்ஸ் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. தொடங்குமுன் தெரிந்தவர்களிடம் விசாரித்ததில், நகலெடுப்பதே குற்றம் என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை நம் விருப்பப்படி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வேறு சிலர் அதே உறுதியுடன் சொன்னார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தபோது இவ்விரண்டில் எதற்கும் அதில் ஆதரவு இல்லை என்று தெரிந்தது. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால், ஒரு சாதாரண குடும்பத்துக்கு இந்தச் சட்டம் எந்த இடத்தில் துணை நிற்கிறது, எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பது இந்த வேலையின் வழியாக எனக்கு ஓரளவு பிடிபட்டது.

இசை சிடிகளிலிருந்து தொடங்கியது நல்லதாயிற்று. 1980களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட சிடி தரத்தில் மறையாக்கம், அதாவது சாவியின்றித் திறக்க முடியாதபடி கோப்புக்குப் போடும் மென்பொருள் பூட்டு, என்று எதுவும் கிடையாது. யுஎஸ்பி வழியாகப் பொருத்தும் டிரைவில் வட்டைப் போட்டால் பாடல்களைக் கோப்புகளாக அப்படியே எடுத்துவிடலாம். ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் ஒரு சிடி ஏறத்தாழ 300 முதல் 400 எம்பி வரை பிடிக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த எம்பி3 போதாதா என்று கேட்பவர்களுக்கு, கர்நாடக இசைக் கச்சேரி சிடி ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். ஆலாபனையும் தானமும் பல்லவியும் தனி ஆவர்த்தனமும் தனித்தனித் தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஆனால் ஒலியில் இடைவெளி இராது. எம்பி3 ஆக மாற்றினால், பல செயலிகளில், ஒரு தடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தம்புராவின் சுருதி ஒரு கணம் அறுந்துபோகும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் இப்படிப் பல இடங்களில் அறுந்தால் கேட்கவே மனம் வராது. இடைவெளியின்றி இயக்கும் செயலியில் ஃப்ளாக் கோப்பைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கணினி தானாக இணையத்திலிருந்து எடுத்துத் தரும் பாடற்பெயர்களையும் நம்ப முடியாது; காம்போதியும் கரகரப்பிரியாவும் வட்டுக்கு வட்டு ஒவ்வோர் எழுத்துக்கூட்டில் வந்து நின்றன. உறையைப் பார்த்து இராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர் ஆகியவற்றை நாமே தட்டச்சு செய்வதுதான் வழி. உண்மையில் இந்த முழு வேலையிலும் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது பூட்டோ சட்டமோ அல்ல, இந்தத் தட்டச்சுதான்.

சிடிக்குப் பின்னாளில் பூட்டுப் போட முயன்றவர்களும் உண்டு. சோனி பிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட சில சிடிகள், கணினியில் போட்டவுடன் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும் மென்பொருளைப் பயனருக்குத் தெரியாமல் நிறுவின என்பதை 2005 அக்டோபரில் மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் வெளிக்கொணர்ந்தார். வழக்குகள் குவிந்தன, வட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நகலைத் தடுக்கப் போட்ட பூட்டால் கணினியே பாழாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பூட்டே இல்லாத வட்டாக இருந்தாலும் அதிலுள்ளதை நகலெடுப்பது பதிப்புரிமையாளரின் உரிமைதான். ஆகவே நமக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று நீண்ட பட்டியல் தருகிறது. தனிப்பட்ட அல்லது சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாள்வது மீறல் அல்ல என்பது அதன் முதல் உட்பிரிவிலேயே இருக்கிறது. 2012 வரை இச்சலுகை இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளுக்கு மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. ஒலிப்பதிவும் திரைப்படமும் அதில் இடம்பெறவில்லை. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைக் கணினி நிரல் தவிர்த்த எந்தப் படைப்புக்கும் என்று விரிவாக்கியதோடு, இத்தகைய நோக்கங்களுக்காக மின்னணு ஊடகத்தில் சேமித்து வைப்பதும் மீறலாகாது என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்தது. என் ஹார்ட் டிஸ்க்குக்குச் சட்டத்தில் இருக்கும் இடம் அந்த ஒரு விளக்கம்தான் என்று சொல்லலாம். கணினி நிரல்களுக்குத் தனி உட்பிரிவு இருக்கிறது: முறையாகப் பெற்றவர், தொலைந்தோ பழுதாகியோ போகாமல் காத்துக்கொள்வதற்காக மட்டும் காப்பு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பழைய விளையாட்டு சிடிகளை நகலெடுக்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது அந்த உட்பிரிவைத்தான்.

‘நியாயமான’ என்ற அளவுகோலுக்குச் சட்டம் எண்ணிக்கை எதையும் தரவில்லை. ஒரு நகலா, மூன்றா, முழுப் படமா, ஒரு பகுதியா என்றெல்லாம் அது வரையறுக்கவில்லை. வழக்கு என்று வந்தால் நோக்கத்தையும் அளவையும் சந்தையில் ஏற்படும் விளைவையும் பார்த்து நீதிமன்றம்தான் முடிவு செய்யும். ஆகவே எனக்கு நானே சில வரம்புகளை வைத்துக்கொண்டேன். மூல வட்டு கையில் இருக்கும் வரைதான் நகலும் இருக்கும். வட்டை விற்றாலோ யாருக்காவது நிலையாகக் கொடுத்துவிட்டாலோ நகலை அழித்துவிட வேண்டும். வட்டை விற்றுக் காசாக்கிவிட்டுப் பாடலையும் வைத்துக்கொள்வதை எந்த நீதிபதியும் நியாயம் என்று ஏற்பார் என எனக்குத் தோன்றவில்லை. வேலை முடியும் தறுவாயில் என் அக்காள் மகன் வந்து, ‘மாமா, அந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு ராத்திரிக்குக் கொடுங்க, காப்பி பண்ணிட்டுக் காலையில கொடுத்துடறேன்’ என்று கேட்டான். வேண்டிய சிடிகளை எடுத்துப் போகச் சொன்னேன். ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்கவில்லை. வாங்கிய வட்டை உறவினருக்கு இரவல் தருவது வேறு, அதிலிருந்து எடுத்த நகலை மற்றொரு குடும்பத்துக்குப் பெருக்கித் தருவது வேறு என்பதை அவனுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தச் சலுகையை எல்லா நாடுகளிலும் இருப்பதாகக் கருதிவிடக் கூடாது. பிரிட்டனில் சொந்தப் பயனுக்கு நகலெடுக்கும் விலக்கை 2014 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். இசைத்துறையினர் வழக்குத் தொடர்ந்து 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. லண்டனில் ஒருவர் தான் வாங்கிய சிடியைத் தன் கைப்பேசிக்கு மாற்றுவது இன்றும் ஏட்டளவில் மீறல்தான்.

டிவிடிகளுக்கு வந்தபோது வேலை வேறு விதமாயிற்று. அக்கா அமெரிக்காவிலிருந்து அனுப்பி வைத்த ஆவணப்பட டிவிடிகள் இங்குள்ள பிளேயரில் ஓடவே இல்லை. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தில் விற்ற வட்டு மற்றொரு மண்டலத்துக் கருவியில் ஓடாதபடி செய்திருக்கிறார்கள்: அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, இந்தியா 5. கணினியின் டிவிடி டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறை மட்டுமே மாற்ற முடியும். அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இன்னும் எத்தனை மாற்றங்கள் மீதமிருக்கின்றன என்று காட்டும். கடைசி மாற்றத்தில் எந்த எண் வைக்கப்படுகிறதோ அதுவே நிலைத்துவிடும். அக்காவின் வட்டுக்காக 1, உள்ளூர் வட்டுக்காக 5 என்று மாற்றிக்கொண்டே போனால் ஒரே மாலையில் கணக்கு தீர்ந்துவிடும். இந்த மண்டலப் பிரிவினை எந்த நாட்டுச் சட்டமன்றமும் இயற்றியதன்று. திரைப்பட நிறுவனங்களும் கருவி உற்பத்தியாளர்களும் தமக்குள் செய்துகொண்ட வணிக ஏற்பாடு மட்டுமே. (வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்த தமிழ்ப் பட டிவிடிகளில் பல எல்லா மண்டலங்களிலும் ஓடும்படியே தயாரிக்கப்பட்டன, தம் ரசிகர்கள் எங்கெங்கு இருக்கிறார்கள் என்பது அவற்றை வெளியிட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.) நான் கையாண்ட எளிய வழி, பழைய டிரைவை 5இலேயே விட்டுவிட்டு, அமெரிக்க வட்டுகளுக்கென்று இன்னொரு யுஎஸ்பி டிரைவை வாங்கி 1 என்று நிலைநிறுத்தியது. எந்தப் பூட்டையும் தொடாமலேயே வட்டைப் பார்க்க இது போதுமானது.

ஆனால் பார்ப்பது வேறு, நகலெடுத்து வைப்பது வேறு. டிவிடியில் 40 பிட் சாவி கொண்ட ஒரு மறையாக்கம் இருக்கிறது. கோப்பை வெறுமனே இழுத்துப் போட்டால் படம் சிதைந்துபோய்க் கட்டம் கட்டமாகத் தெரியும். பூட்டைத் திறந்தால்தான் நகல். இந்த இடத்தில்தான், அதே 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு குறுக்கே வருகிறது. சட்டம் வழங்கியுள்ள உரிமைகளைக் காப்பதற்காகப் போடப்பட்ட தொழில்நுட்பத் தடையை, அந்த உரிமைகளை மீறும் எண்ணத்துடன் ஒருவர் தாண்டினால் 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. ‘மீறும் எண்ணத்துடன்’ என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அடுத்த உட்பிரிவு இன்னும் தெளிவாக, இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு நோக்கத்துக்காகத் தடையைத் தாண்டுவதை இப்பிரிவு தடுக்காது என்றும் சொல்கிறது. இதையும் 52ஆவது பிரிவையும் சேர்த்து வைத்து வாசித்தால், விலை கொடுத்து வாங்கிய டிவிடியைத் தன் சொந்தப் பயனுக்காகத் திறப்பவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதே என் புரிதல். நம் சட்டம் பூட்டைத் தனியாக எடுத்து வைத்துப் புனிதப்படுத்தவில்லை. பூட்டுக்குப் பின்னால் இருக்கும் உரிமை மீறப்படுகிறதா என்று பார்க்கிறது.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. 1998 அக்டோபரில் கையெழுத்தான டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆவது பிரிவு, அணுகலைக் கட்டுப்படுத்தும் பூட்டைத் திறப்பதையே தனிச் சட்டமீறலாக்குகிறது. உள்ளே போய் நியாயமான காரியம் செய்தேன் என்பது பொதுவாக அங்கே விடையாக ஏற்கப்படுவதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்ற நூலகத் தலைவர் சில விலக்குகளை அறிவிப்பார். ஆனால், வாங்கிய டிவிடியை வேறு கருவியில் பார்ப்பதற்காக நகலெடுக்க அனுமதி கேட்டுச் சென்ற கோரிக்கைகள் பல சுற்றுகளில் நிராகரிக்கப்பட்டன. ஆக, ஒரே ஆவணப்பட வட்டை அக்கா நியூ ஜெர்சியில் திறந்தால் ஒரு நிலை, நான் சென்னையில் திறந்தால் வேறு நிலை. இத்தனைக்கும் இரு நாடுகளும் 1996ஆம் ஆண்டின் ஒரே உலக ஒப்பந்தத்தில் உறுப்பினர்கள். இந்தியா அதில் 2018இல் சேர்ந்தது. பூட்டுக்குப் போதிய சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் கேட்கிறதே ஒழிய, எப்படி என்பதை நாடுகளிடம் விட்டுவிடுகிறது. நார்வேயில் டிவிடி பூட்டைத் திறக்கும் நிரலை 1999இல் வெளியிட்ட யோன் லெக் யோஹான்சன் என்ற பதின்வயது இளைஞர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டபோது, தாம் முறையாக வாங்கிய வட்டைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு என்று கூறி 2003இல் கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரை விடுவித்தன. அமெரிக்க நீதிமன்றங்கள் அதே நிரலைத் தன் இணையதளத்தில் வெளியிட்ட இதழ் ஒன்றுக்குத் தடை விதித்தன.

நம் சட்டத்தில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. பிறருக்காகப் பூட்டைத் திறந்து கொடுப்பவர், யாருக்காகத் திறந்தாரோ அவருடைய பெயர், முகவரி, அடையாள விவரங்கள், எந்த நோக்கத்துக்காக என்பவை அனைத்தையும் முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். இதைப் படித்த பிறகு ரிச்சி தெருவில், வட்டுகளை பென் டிரைவுக்கு மாற்றித் தரும் கடை ஒன்றில் அப்படிப் பதிவேடு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். கடைக்காரர் என்னை வருமான வரித் துறையிலிருந்து வந்தவர் என்று நினைத்திருக்க வேண்டும்; கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சமாதானமாகி, ‘பதிவேடெல்லாம் இல்லீங்க சார். பென் டிரைவ்ல இடம் மிச்சமிருந்தா புதுப் படம் நாலு போட்டுத் தரட்டுமா?’ என்று கேட்டார். சொந்தப் பயன்பாடு முடிந்து திருட்டு தொடங்கும் எல்லை அவருடைய அந்தக் கேள்வியில் இருக்கிறது. தெரிந்தே செய்யும் பதிப்புரிமை மீறலுக்கு 63ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தில், அனுமதியின்றிப் படத்தைப் பதிவு செய்து பரப்புவோருக்கான அபராதம் 3 லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவின் 5 விழுக்காடு வரை போகிறது. நகலெடுக்கும் வேலையைக் கடையில் கொடுக்காமல் வீட்டில் நாமே செய்துகொள்வது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். கடையில் கொடுத்தால், நம்முடைய நோக்கத்துக்கு நாம்தான் பொறுப்பு என்ற தெளிவு கலங்கிவிடுகிறது.

மின்னூல்களும் இணையத்தில் வாங்கிய படங்களும்தான் இதில் மிகவும் சிக்கலானவை. பாடல்களில் அவ்வளவு தொல்லை இல்லை. ஆப்பிள் தன் இசைக்கடையிலுள்ள பாடல்களின் பூட்டை 2009இலேயே நீக்கிவிட்டது. இந்தியாவில் 2012 டிசம்பரில் அந்தக் கடை திறந்தபோது நாம் வாங்கிய பாடல்கள் எந்தக் கருவியிலும் ஓடும் கோப்புகளாகவே வந்தன. ஆனால் அதே கடையில் வாங்கிய திரைப்படங்களில் பூட்டு நீடித்தது. மின்னூல் கடையில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினாலும், நீண்ட ஒப்பந்த வாசகத்தின் நடுவே, தரப்படுவது உரிமம் மட்டுமே, உடைமை அல்ல என்ற வரி இருக்கும். இதன் பொருளை 2009 ஜூலையில் உலகம் பார்த்தது: விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்று தெரிந்தவுடன், ஜார்ஜ் ஆர்வெலின் நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போயின. கிண்டில் நூல்களை இணையதளத்திலிருந்து கணினியில் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் நிறுத்திக்கொண்டது. 65ஏ பிரிவில் நமக்குச் சாதகமாக எவ்வளவு இருந்தாலும், இங்கே அது பெரிதாக உதவாது. திறப்பதைச் சட்டம் குற்றமாக்கவில்லை என்பதற்காக, விற்றவர் திறந்து தர வேண்டும் என்ற கடமை எதையும் சட்டம் விதிக்கவில்லை. நாம் ஒப்பந்தத்தை மீறிவிட்டோம் என்று கூறி விற்றவர் நம் கணக்கை முடக்கிவிட்டால், குற்றவியல் சட்டம் நமக்குத் துணைக்கு வராது. நூறு புத்தகங்களும் ஒரே நொடியில் போய்விடும்.

எனக்கே அதன் சிறு பதிப்பு ஒன்று வாய்த்தது. தமிழ் நூல்களை விற்றுவந்த ஒரு செயலியில் நான் வாங்கியிருந்த நூல்களுள் சில, பதிப்பகத்துடனான ஒப்பந்தம் முடிந்ததாகக் கூறி, ஒரு நாள் என் அலமாரியிலிருந்து மறைந்தன. ஈடாக, அதே செயலியில் மட்டும் செலவழிக்கக்கூடிய புள்ளிகளைத் தந்தார்கள். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய விவரத்தைத் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வாங்கிய அன்று வந்த மின்னஞ்சல் ரசீதையும், ‘வாங்கு’ என்று காட்டிய பக்கத்தின் திரைப்பிடிப்பையும் இணைத்து, அந்த விதியைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகு, பணம் வங்கிக் கணக்குக்கே வந்தது. இதற்கும் அசையாதவர்கள் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லை டிஜிட்டல் பொருள்களுக்குப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அப்படி ஒரு விதி இங்கும் வந்தால் பாதி வழக்கு குறையும்.

அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோயால் பார்வை குறைந்துகொண்டே வந்தபோதுதான், பதிப்புரிமைச் சட்டத்தில் நமக்கு மிகவும் வலுவான இடம் எது என்று தெரிந்தது. மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கு ஏற்ற வடிவில் ஒரு படைப்பை மாற்றுவதும் நகலெடுப்பதும் அவர்களுக்குத் தருவதும் மீறல் அல்ல என்று 52(1)(இசட்பி) உட்பிரிவு சொல்கிறது. லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு மட்டுமல்லாமல், எந்தத் தனி மனிதருக்கும் இது பொருந்தும். பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆனால் நடைமுறையில் என் முன்னால் நின்ற தடை வேறு. அப்பாவுக்குப் பிடித்த பழைய நாவல் ஒன்றின் பிடிஎஃப் பூட்டில்லாமலேயே கிடைத்தது. கைப்பேசியின் வாசிப்புக் குரலில் போட்டால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ உளறியது. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த நூல் அது; திரையில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே ‘mk;kh’ என்று இருந்தது. யூனிகோடுக்கு மாற்றி, மாற்றும் மென்பொருள் தவறவிட்ட ஒற்றெழுத்துகளைக் கையால் திருத்திய பிறகுதான் குரல் ஒழுங்காக வாசித்தது. பூட்டிட்ட மற்றொரு நூலுக்கு அதன் பதிப்பாளருக்கே எழுதினேன். அப்பாவின் நிலையைச் சொல்லி, கடையில் வாங்கிய ரசீதை இணைத்துக் கேட்டதும், சொற்செயலிக் கோப்பையே அனுப்பி வைத்தார். தமிழ்ப் பதிப்புலகம் சிறியது. பூட்டுப் போடுவதா வேண்டாமா என்பதைப் பல கடைகளில் பதிப்பாளரோ எழுத்தாளரோதான் தீர்மானிக்கிறார் என்பதால், கடையிடம் மன்றாடுவதைவிட அவரிடம் கேட்பது பலன் தருகிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு வாங்கும் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஒரு பாடலோ நூலோ வேண்டும் என்றால், பூட்டில்லாத கோப்பாக எங்கே விற்கிறார்கள் என்று முதலில் தேடுகிறேன். இசைக்கு பேண்ட்கேம்ப் ஃப்ளாக் வடிவிலேயே தருகிறது; விளையாட்டுகளுக்கு ஜிஓஜி இருக்கிறது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களும், மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் விலையின்றியே கிடைக்கின்றன. அவற்றைப் பூட்டோடு விற்கும் பதிப்புக்குக் காசு கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் தேடிப் பார்க்கலாம். பூட்டோடு மட்டுமே கிடைக்கும் நூலென்றால், அந்தத் தொகையை வாடகை என்றே கருதுகிறேன். வாடகைக்கு அது அதிகம் என்று பட்டால் அச்சுப் பிரதியை வாங்கிவிடுகிறேன். ஓடிடி செயலிகளில் இறக்கி வைக்கும் படங்கள் சந்தா முடிந்ததும் திறக்காது என்பதால் அவற்றை இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வாங்கியவற்றின் ரசீதுகளைத் தனிக் கோப்புறையில் சேர்த்து வைத்திருக்கிறேன். சிடி, டிவிடிகளுக்கு ரசீது இருக்காது. உறையும் வட்டும்தான் சான்று. எனவே நகலெடுத்து முடித்ததும் அவற்றைக் குப்பையில் போட்டுவிடாமல், உறைகளைப் படமெடுத்து, ஈரம் படாத பெட்டியில் போட்டு வைப்பது அவசியம். ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டாம் பிரதி ஒன்று வேறோர் அறையில் இருக்கிறது.

புளூ-ரே வட்டுகளை மட்டும் தொடவில்லை. அவற்றின் பூட்டு டிவிடியைவிடப் பல மடங்கு வலுவானது; சாவிகளையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். மண்டலப் பிரிவினையும் ஏ, பி, சி என்று வேறு கணக்கில் இருக்கிறது. அவற்றுக்கு ஒரு பிளேயரை வைத்துக்கொள்வதே சிக்கனம்.

கடைசியாக அப்பாவுடன் உட்கார்ந்து பேச வேண்டியிருந்த ஒரு விஷயம் வாரிசுரிமை. அவருடைய சிடிகளும் டிவிடிகளும் பொருள்கள். வீட்டிலுள்ள மற்ற பொருள்களைப் போலவே எங்களுக்கு வந்துவிடும். ஆனால் அவர் பெயரிலுள்ள கணக்குகளில் வாங்கிய நூல்களையும் படங்களையும் பிறருக்கு மாற்ற முடியாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அதனால் இனி வாங்குபவற்றைக் குடும்பப் பகிர்வு வசதி இருக்கும் கடைகளில், அதற்குள் இருக்கும் கணக்கிலேயே வாங்குவது என்றும், பூட்டில்லாமல் வாங்கிய கோப்புகளை அவர் பெயரில் தனிக் கோப்புறையாகவே வைப்பது என்றும் முடிவு செய்தோம். கணக்குகளின் பட்டியலை அவர் தம் வங்கி விவரங்களை எழுதி வைத்திருக்கும் அதே நோட்டில், அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டார்.